கால் பக்கத்தில் நிற்பவள்

மேசையின் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர், நெஞ்சுக்கு நேராக சீஃப் சர்ஜன், கால் பக்கத்தில் நான். பதினோரு வருடமாக நான் நிற்கிற இடம் இது. பச்சைத் துணி போர்த்தி முடித்தபின் எனக்கென்று திறந்து விட்டிருப்பது கால்கள் மட்டும்தான். இடுப்புக்கு மேலே நடப்பதெல்லாம் எனக்குச் சத்தமாகத்தான் வரும். இப்போது ரம்பத்தின் சத்தம், நெஞ்செலும்பைப் பிளக்கிறார்கள், பத்து விநாடி, நின்றுவிட்டது. மணி எட்டு ஐம்பத்தைந்து. பன்னிரண்டுக்குள் நான் முடிவைச் சொல்லியாக வேண்டும். லாக்கரில் கைப்பைக்குள் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, இதய அறுவைப் பிரிவிலேயே தொடர்கிறேன், புதிதாக வந்திருக்கும் மெஷினில் பயிற்சி எடுத்துக்கொள்கிறேன், அதன்பின் மூன்று வருடம் நகரமாட்டேன் என்கிற ஒப்பந்தம். இன்னொன்று, தரைத்தளத்தில் இருக்கிற சர்க்கரை நோய்ப் பாதப் பிரிவுக்கு மாற்றல் கேட்கும் படிவம். இரண்டிலும் கையெழுத்து இல்லை. பயிற்சிக்குப் போகிறவர் பெயரை இன்று மதியம் அனுப்பியாக வேண்டும், பாதப் பிரிவின் காலியிடமும் இன்றோடு மூடுகிறது. "பிளேடு" என்றேன். ரோஸ்மேரி சிஸ்டர் கையில் வைத்தார். வலது தொடையின் உட்புறம், நேற்று மாலை நானே நீல மையால் போட்ட கோட்டின் மேல், பிளேடை இழுத்தேன்.

தோல் திறந்தது, அதன்கீழ் மஞ்சளாகக் கொழுப்பு, கத்தரிக்கோலின் முனையை உள்ளே விட்டு விரிக்க விரிக்க அது விலகிக்கொண்டே வரும், பிறகு ஒரு இடத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் குழாய் தெரியும். இந்த ரத்தக்குழாயை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. இதயத்தின் அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப்பாதை போட, ஒன்றுக்கு நெஞ்சுச் சுவரின் தமனி, மற்றவற்றுக்குக் காலின் குழாய். சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி முடியாது. பிஸிஷியன் அசிஸ்டன்ட் என்றால் மருந்துக்கடையா என்பார்கள், பி.ஏ. என்று சுருக்கினால் டாக்டருக்கு லெட்டர் அடித்துக் கொடுக்கிற பெண்ணாகிவிடுவேன். இப்போது இந்த மேசையில் இருக்கிற பாப்பாத்தியம்மாளுக்கு மட்டும் நேற்று உடனே புரிந்தது. சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், ஐம்பத்தெட்டு வயது. காலில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "நெஞ்சுல ஆப்பரேசன்னாங்க, கால்ல எதுக்கு கண்ணு கோடு போடற?" "கால்ல இருக்கற குழாயை எடுத்து நெஞ்சுல வெக்கணுமுங்கம்மா." கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு ஊட்டுக் குழாயைப் புடுங்கி இன்னொரு ஊட்டுக்கு வெக்கறீங்க." "ஆமாங்கம்மா." "புடுங்குன ஊடு சும்மா இருக்குமா?" காலுக்கு ஆழத்தில் வேறு குழாய்கள் இருக்கின்றன, ஒன்றும் ஆகாது என்று எல்லோரிடமும் சொல்வேன், பதினோரு வருடமாகச் சொன்ன வாக்கியம் நேற்று வாயில் வரவில்லை, மார்க்கரை மூடிவிட்டு எழுந்தேன்.

கிளை. குழாயில் எங்கெங்கே கிளை பிரிகிறதோ அங்கெல்லாம் நூலால் கட்ட வேண்டும். குழாயோடு ஒட்டிக் கட்டினால் குழாய் இறுகிச் சுருங்கும், தள்ளிக் கட்டினால் முனை துருத்திக்கொண்டு நின்று அதில் ரத்தம் தேங்கும், நடுவில் ஒரு நூல் அளவு இடம் உண்டு, அதில் கட்ட வேண்டும். அது எனக்கு வரும். இதைப் பெருமைக்காக நினைக்கவில்லை, கணக்குப் பார்க்கிறேன், எதை விட்டுப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். கட்டி, வெட்டி, தூக்கி, அடுத்தது. என் விரல்கள் என்னைக் கேட்காமல் வேலை செய்யும் ஒரே இடம் இது, சமையலறையில்கூட அப்படி இல்லை. இன்று காலை தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்டேன், நல்ல வேளை இடதுகை, கையுறைக்குள் இப்போது லேசாக எரிகிறது. என் கணவர் திருமூர்த்தி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே சொன்னார். "எல்லாரும் கீழ இருந்து மேல போவாங்க. நீ ஒருத்திதான் இதயத்துல இருந்து பாதத்துக்குப் போற." பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வாத்தியார், மேல் கீழ் என்றுதான் யோசிப்பார். "உங்களுக்கு என்ன தோணுது, அதைச் சொல்லுங்க" என்றேன். "எனக்கென்ன. நாலு பேர் கேட்டா ஹார்ட் ஆப்பரேசன்ல இருக்கான்னு சொல்லிட்டு இருந்தேன். இனி சீழ் தொடைக்கறான்னு சொல்லணும். சொல்லிக்கறேன் போ." சிரித்தார். அவர் சொல்லிக்கொள்வார், அதில் சந்தேகம் இல்லை. நான் சொல்லிக்கொள்வேனா? கல்யாண வீடுகளில் நானும் இதயம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கால் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சீழின் நாற்றம் தெரியும். தரைத்தளத்தில் அந்த அறைக்குள் போனால் அடுத்த நாள் குளித்தபிறகும் மூக்குக்குள் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் சுத்தம், காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள், எரிந்த கொழுப்பின் வாசனை மட்டும்தான், அதுவும் பழகிவிட்டது. இங்கே யாருக்கும் முகம் கிடையாது, யாரும் வலிக்கிறது என்று கத்தமாட்டார்கள், வேலை தொடங்கும் முடியும். அங்கே முடிவதே இல்லை. இந்த வாரம் ஆறின புண் அடுத்த மாதம் பக்கத்து விரலில் வரும். பயமாக இருக்கிறதா என்றால், ஆமாம். கை மறந்துபோகும் என்ற பயம். ஒரு வருடம் நூலைத் தொடாமல் இருந்தால் இந்த அளவு போய்விடும், திரும்பி வந்தாலும் வராது, முப்பத்தாறு வயதில் மறுபடி புதிதாகத் தொடங்குகிறவளை யார் எடுப்பார்கள்? கிளை. கட்டினேன். இது பயம்தான், காரணம் இல்லை. பயத்தையும் காரணத்தையும் பிரித்து வைக்க வேண்டும், ஆனால் ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே வருகிறது, காரணத்தை எடுத்தால் நாச்சிமுத்து வருகிறார்.

நாச்சிமுத்து பொள்ளாச்சி–உடுமலை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, இதேபோல் கோடு போடப் போனேன். கோடு போடுவதற்கு முன் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும், பாதத்தின் மேல்புறம் ஒரு இடம், உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு இடம். நன்றாகத் துடித்தால் கேஸ் ஷீட்டில் இரண்டு கூட்டல் குறி. லேசாகத் துடித்தால் ஒன்று. இல்லையென்றால் சுழி. சுழி போட்டால் காலுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தக்குழாய் டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஆபரேஷன் இரண்டு நாளாவது தள்ளிப்போகும். அவருடையது ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. உடுமலையிலிருந்து வேன் பிடித்து எட்டுப் பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். வலது பாதத்தில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. விரலை அழுத்தினேன். அப்போது துடித்தது. இங்கேதான் நான் நான்கு வருடமாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். அழுத்திப் பிடித்தால் நம் விரல் நுனியில் ஓடுகிற நம் ரத்தமே நமக்குத் துடிக்கும், முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள், சந்தேகம் வந்தால் இன்னொரு கையை உன் கழுத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார் என்பார்கள், இரண்டும் ஒன்றாகத் துடித்தால் அது உன்னுடையது. நான் கழுத்தில் கை வைக்கவில்லை. ஒரு கூட்டல் குறி போட்டேன்.

ஏமாந்தேனா, ஏமாற்றினேனா? இதைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன், எவ்வளவு அழுத்தினாலும் துடிப்பது நான்தான். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது என்று ஒரு நாள் உறுதியாக இருக்கும். கழுத்தில் கை வைக்காததே தெரிந்ததால்தானே என்று மறுநாள் காலை பஸ்ஸில் தோன்றும். கணுக்காலிலிருந்து தொடைவரை குழாயை எடுத்தேன், அழகாக வந்தது, "கோகிலா, இந்தக் கேஸை வீடியோ எடுத்து வெச்சிருக்கணும்" என்று சீஃப் சொன்னார். ஒன்பதாம் நாள் கணுக்கால் தையலின் ஓரம் கறுத்தது. ஆறாவது வாரம் முட்டிக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இதய அறுவை வெற்றிகரமாக முடிந்தது என்று இருந்தது, அது பொய் இல்லை, இதயம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. அடுத்த காலில் சுண்டுவிரல் புண்ணுக்கு மாதம் இருமுறை பாதப் பிரிவுக்கு வருகிறார். போன ஆவணியில் லிஃப்ட் பக்கம் என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். "அம்மிணி, நீதான கோடு போட்ட புள்ள?" என்றார். நான் ஆமாம் என்றேன். "இஞ்சினு புதுசாட்டம் ஓடுது. டயர் ஒண்ணுதான் போயிருச்சு." அவரே சிரித்தார், கூட இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் கூட்டல் குறி தெரியாது. அன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்று அவர் பின்னாலேயே பாதப் பிரிவுக்குள் போனேன், ஏன் போனேன் என்று தெரியாமலேயே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், அதன்பின் வேலை முடிந்ததும் அடிக்கடி போனேன்.

ஷகிலா எதிரில் நின்று கொக்கியால் தோலை விலக்கிப் பிடித்திருக்கிறாள், மூன்று வருடமாக என்னுடன் இருப்பவள். "அக்கா, இங்க ரெண்டாப் பிரியுது" என்றாள். பார்த்தேன். தொடையின் நடுவில் குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டுமே நூல் மாதிரி மெலிந்து போகிறது. இது உபயோகப்படாது. மேலே கிடைத்தது ஒரு மாற்றுப்பாதைக்குத்தான் வரும், இன்னும் ஒன்றுக்கு வேண்டும். "சார், வலது தொடைல ஒரு துண்டுதான் நல்லா இருக்கு. நடுவுல ரெண்டாப் பிரிஞ்சிருச்சு" என்றேன். திரைக்கு மேலே சீஃபின் கண்கள் வந்தன. டாக்டர் சிதம்பரநாதன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அவசரப்பட்டும் பார்த்ததில்லை, நேரத்தை மட்டும் வீணாக்கமாட்டார். "முட்டிக்குக் கீழ இறங்கு. பத்து சென்டிமீட்டர் போதும்." சொல்லிவிட்டுக் கண்கள் கீழே போய்விட்டன. ஷகிலா துணியை முட்டிக்குக் கீழே விலக்கினாள். ரோஸ்மேரி சிஸ்டர் புது பிளேடை நீட்டினார். எல்லாம் ஒழுங்காக, வழக்கம்போல. பாப்பாத்தியம்மாளின் கெண்டைக்கால் வெளியே வந்தது, முடி இல்லாமல் மினுமினுத்தது, ரத்தம் போதாத காலின் தோல் அப்படித்தான் மினுங்கும். மூன்று நாளுக்கு முன்பு ஒரு கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டுதான் இவர் பாதத்தைத் தொட்டேன், சுழி போட்டேன், ஸ்கேனுக்கு அனுப்பினேன், ஆபரேஷன் தள்ளிப்போனது. இரண்டு கால்களிலும் முட்டிக்குக் கீழே அடைப்பு என்று வந்தது, தொடையிலிருந்து எடுத்தால் போதும் என்று இதே சீஃப்தான் கையெழுத்துப் போட்டார். மறந்திருக்கமாட்டார். பத்து சென்டிமீட்டர்தானே என்று நினைத்திருப்பார். அந்தப் பக்கம் இதயம், இந்தப் பக்கம் பத்து சென்டிமீட்டர்.

"வேண்டாங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, சத்தமாக இல்லை, ஆனால் தியேட்டரில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். "என்ன வேண்டாம்?" "கீழ வேண்டாம். கீழ வெச்சா காயம் ஆறாது. இடது தொடைல எடுக்கறேன். அதையும் கழுவித் துணி போட்டுத்தான் வெச்சிருக்கோம்." "எவ்வளவு நேரம்?" "இருபத்தஞ்சு நிமிஷம்." "கீழ எடுத்தா?" "எட்டு நிமிஷம்." மானிட்டர் கிளிங் கிளிங் என்றது. ஷகிலா என்னைப் பார்க்காமல் கொக்கியைப் பார்த்தாள். பதினேழு நிமிட வித்தியாசத்தில் ஒரு நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அவருக்குக் கீழ் பதினோரு வருடம் நின்றவள். நான் தவறாகவும் இருக்கலாம், கீழே எடுத்தாலும் ஆறியிருக்கலாம், பாதிப் பேருக்கு ஆறுகிறது. மயக்க மருந்து டாக்டர், "பிரஷர் நல்லா இருக்கு, எனக்கு அவசரமில்ல" என்றார், யாரிடமும் சொல்லாதது மாதிரி. சீஃப், "இடது தொடை" என்றார். "இருபது நிமிஷம்." நான் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

தோல், கொழுப்பு, கத்தரிக்கோல். எரிகிற விரல் இப்போது எரியவில்லை. குழாய் கிடைத்தது, ஒரே சீராக இருந்தது, நான்கு கிளை, ஐந்து. ஆனால் மனம் இப்போது வேறு பக்கம் இழுக்கிறது. எட்டு மணிக்கு உள்ளே வரும்போது மாற்றல் படிவத்தில்தான் கையெழுத்துப் போடுவேன் என்று முக்கால்வாசி தெரிந்திருந்தது, இப்போது பார், இங்கேயே நின்று ஒரு காலைக் காப்பாற்றிவிட்டேன், சொன்னேன், கேட்டார்கள். அப்படியென்றால் போக வேண்டியது எதற்கு? இங்கே நிற்கிறவள் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் வருடத்துக்கு எத்தனை கால்கள் பிழைக்கும். மெஷினும் அதைத்தான் சொல்கிறது. போன வாரம் சீஃப் தன் அறையில் உட்காரவைத்துச் சொன்னார். "உனக்குக் கால் மேல அக்கறைன்னா இந்த மெஷின்தான் கோகிலா. ரெண்டு சின்ன ஓட்டை. கேமராவை விட்டு உள்ளேயே குழாயை எடுத்துடலாம். நீளமாக் கிழிக்க வேண்டாம், தையல் பிரியாது, சீழ் பிடிக்காது. இதை விட்டுட்டு நீ கீழ போய் சீழ் பிடிச்ச பிறகு தொடைக்கப் போறேங்கற." அவர் சொல்வது சரி. ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக நாம் தவறு என்று ஆகுமா? கிளை, கட்டினேன், இது நூல் அளவுக்குக் கொஞ்சம் நெருங்கிவிட்டது, அவிழ்த்து மறுபடி கட்டினேன். கவனம்.

பரிகாரமா? அதையும் கேட்டுக்கொண்டேன். பாதப் பிரிவின் டாக்டர் மும்தாஜ் என்னைவிடப் பட்டென்று கேட்டார். போன மாதம், நாச்சிமுத்துவின் கதையை அவரிடம் மட்டும் சொன்னேன், கூட்டல் குறி உட்பட. டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "பாவம் தீர்க்க வர்றதா இருந்தா வராத. அப்படி ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து, மூணு மாசத்துல நல்லவங்களாகிக் கிளம்பிட்டாங்க. எனக்கு நகம் வெட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார். வெட்டிக் காட்டச் சொன்னார். சர்க்கரை நோயாளியின் கட்டைவிரல் நகம் கல் மாதிரி தடித்து ஓரத்தில் சதைக்குள் புதைந்திருக்கும், உணர்ச்சி இல்லாததால் வெட்டுப்பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது, ரத்தம் வந்தால்தான் நமக்கே தெரியும். அந்தப் பெரியவருடைய பத்து விரலுக்கும் நாற்பது நிமிடம் ஆயிற்று. ரத்தம் வரவில்லை. "வெட்டி முடிச்சிட்டியா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று அவர் கேட்டார். ஒன்றுமே தெரியாததுதான் அவருடைய வியாதி. ஆனால் நாற்பது நிமிடமும் அவர் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார், மருமகன் வாங்கின டெம்போவைப் பற்றி, செருப்பு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதைப் பற்றி, கால் எரிந்தால் தண்ணீர்ப் பானைமேல் வைத்துக்கொண்டு தூங்குவதைப் பற்றி. அப்படி வைக்கக் கூடாது என்று நான் சொல்ல, அடுத்த வாரம் அவர் வந்து, வைக்கவில்லை என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த அடுத்த வாரம். பதினோரு வருடத்தில் எனக்கு ஒரு காலுக்கும் அடுத்த வாரம் இருந்ததில்லை. கட்டுப் போட்டதும் கால் வார்டுக்குப் போய்விடும், நல்லதானாலும் கெட்டதானாலும் வேறு யாராவது சொல்லித்தான் தெரியும், பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். நாச்சிமுத்துவின் ஒன்பதாம் நாளை நான் பார்க்கவில்லை. கேண்டீனில் கேள்விப்பட்டேன்.

இதுதான் காரணம், பரிகாரம் இல்லை. நான் எடுத்ததன் மிச்சம் என்ன ஆகிறது என்று தெரியாமல் இனி எடுக்க முடியாது. மெஷின் வந்தாலும் இரண்டு ஓட்டைக்கு அந்தப் பக்கம் தெரியாது. இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன் என்றால் அது தரைத்தளத்தில் நின்ற மணி நேரங்கள் சொன்னது, இங்கே கற்றது இல்லை. இங்கேயே மூன்று வருடம் இருந்தால் அந்தக் குரல் எத்தனை நாள் இருக்கும், பத்தாவது தடவை இருபத்தைந்து நிமிடம் என்று சொல்ல வாய் வருமா, அல்லது எட்டு நிமிடம் என்று கை தானாக இறங்குமா? எனக்கு என்னைத் தெரியும். வராந்தாவில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்காக எனக்குத் துடித்தது. அவசரமான இடத்தில் எனக்குத் துடிக்கும். தரைத்தளத்து அறையில் அவசரம் இல்லை.

குழாயை எடுத்து, உப்புநீர் ஊசியால் மெதுவாக நிரப்பினேன், கசிவு இல்லை, கிண்ணத்தில் போட்டு மேலே கொடுத்தேன். "பத்தொம்பது நிமிஷம்" என்றார் ரோஸ்மேரி சிஸ்டர். சீஃப் அதைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல குழாய்" என்றார். தைக்கத் தொடங்குவதற்கு முன் கேட்டார், கண்ணை எடுக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அப்ப மெஷினுக்கு உன் பேரைப் போட்டுடலாமா? இப்படிச் சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்." இதைவிடப் பெரிதாக அவர் யாரையும் பாராட்டியதில்லை. ஒரு கணம் அது உள்ளே இறங்கி இனித்தது, மறைக்க ஒன்றுமில்லை. "ஷகிலா பேரைப் போடுங்க சார். அவ கட்டற முடிச்சு என்னுதைவிட நல்லா இருக்கு, இன்னும் வேகம்தான் வரல. நான் பாதப் பிரிவுக்குப் போறேன்." ஷகிலா கொக்கியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "முடிவு பண்ணிட்டியா?" "ஆமாங்க சார்." "அங்க யாரும் உன்னைப் பத்திப் பேசமாட்டாங்க." "இங்கயும் காலைப் பத்தி யாரும் பேசறதில்ல சார்." ரோஸ்மேரி சிஸ்டர் முகமூடிக்குள் இருமினார், அது இருமல் இல்லை. சீஃப் "ஏழு ஜீரோ" என்று சிஸ்டரிடம் நூலைக் கேட்டார். பிறகு, "ரெண்டு தொடையும் நீயே மூடு. ஸ்டேப்ளர் வேண்டாம், கையால தை" என்றார்.

கையால் தைத்தேன். மூன்று அடுக்கு, இரண்டு தொடைக்கும் சேர்த்து ஐம்பது நிமிடம். முடிச்சுகளை ஷகிலாவைக் கட்டவைத்தேன், கடைசியில் அவள் "கீழ வந்து பாக்கலாமாக்கா?" என்றாள். "பாக்கத்தான் வேணும். நீ எடுத்த காலெல்லாம் என்ன ஆச்சுன்னு மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ" என்றேன். அந்தப் பக்கம் இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்கள். கையுறையைக் கழற்றினபோது சுட்ட விரலில் ஒரு சின்னக் கொப்புளம். லாக்கரைத் திறந்து ஒப்பந்தத்தை நான்காக மடித்துக் குப்பையில் போட்டேன், படிவத்தை எடுத்துக்கொண்டு மனிதவளப் பிரிவுக்கு இறங்கினேன். பதினொன்று நாற்பது. ஜெகதீஷ் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "காரணம்னு இருக்கறதை விட்டுட்டீங்களே. சொந்தக் காரணம்னு போட்டுருங்க, எல்லாரும் அதான் போடுவாங்க. குழந்தை, மாமியார், தூரம், எல்லாம் அதுல வந்துரும்." "சொந்தக் காரணம் இல்லீங்க" என்றேன். "வேற என்னங்க?" "வேலைக் காரணம்." அவர் பேனாவை நீட்டினார், அவருக்கு அவசரம், பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். நின்றுகொண்டே எழுதினேன். "நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நோயாளியின் பாதத்தில் நாடி இல்லாதபோது இருப்பதாக நான் பதிவு செய்தேன். அவருடைய பெயர்" என்று எழுதியதும் இடம் முடிந்துவிட்டது, அந்தக் காரணத்துக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். "என்னங்க, கதை எழுதறீங்களா?" என்றார் ஜெகதீஷ். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, நாச்சிமுத்து என்ற பெயரிலிருந்து தொடர்ந்தேன்.